பிள்ளையின் அருகில் அமர்பவர் யார்? – ஆஸ்திரேலியப் பள்ளிகளின் வரலாற்றில் ஒரு பகுதி

அரசுப் பள்ளியில் பயிலும் ஒரு மாணாக்கன் மனம் குன்றி, படிப்பில் நாட்டம் இழந்து, கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கிறான் என்று கொள்வோம். அவனை அழைத்து, அவன் குறையைக் கேட்டு, வழி சொல்ல வேண்டியவர் யார்? அவர் என்ன படித்திருக்க வேண்டும்? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் பொறுப்பு? கேட்பதற்கு எளிய வினாக்கள்தாம். ஆயினும் இம்மூன்று வினாக்களையும் வைத்துக்கொண்டு ஒரு பெரிய நாடு 16 ஆண்டுகள் தேர்தல் மேடையிலும், பாராளுமன்றத்திலும், தலைமை நீதிமன்றத்திலும் வழக்காடியது. அந்நாடு ஆஸ்திரேலியா.

கல்வி வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று வெள்ளி விழா மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். நம் சங்கத்தின் வரலாற்றை அதனோடு வளர்ந்த பெரியவர்கள் எழுதுகின்றனர். அவர்களைக் காட்டிலும் நான் நன்றாக எழுதிவிட இயலாது. ஆகவே கடல் கடந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். தூரத்து வரலாறுதானே என்று நம் இளைஞர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. அரசாங்கம் ஏழைப் பிள்ளைக்கு ஓர் உதவியை அறிவிக்கும்போது, அந்த அறிவிப்பை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் இரண்டு பதவிகளைப் பிரித்தறிய வேண்டும். ஒருவர் வழிகாட்டி ஆலோசகர். அவர் உளவியல் பயின்றவர். பல இடங்களில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர். மாணாக்கனின் திறனை அளந்தறிவதும், மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் வழி காட்டுவதும், மனத் துயரை ஆராய்ந்து வேண்டிய இடத்துக்கு அனுப்புவதும் அவர் வேலை. மற்றொருவர் சாப்ளின். பட்டாளத்திலும், மருத்துவமனையிலும், சிறைச்சாலையிலும் ஆறுதல் சொல்வதற்கென்று அமர்த்தப்படும் சமயப் பணியாளருக்கு ஆங்கில வழக்கில் இப்பெயர். பெரும்பாலும் ஒரு திருச்சபையின் ஒப்புதலைப் பெற்றவராக இருப்பார். இருவரும் பிள்ளையின் அருகில் அமர்கிறவர்களே. ஆனால் ஒருவரை அமர்த்துவது கல்வித் தகுதி. மற்றவரை அமர்த்துவது சமய ஏற்பு.

வழிகாட்டி ஆலோசகருக்கு அரசாங்கம் தாராளமாகப் பணம் கொடுத்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவிற்று. மறு ஆண்டு செப்டம்பரில் ஐசனோவர் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதன் ஐந்தாம் பிரிவு, உயர்நிலைப் பள்ளிகளில் வழிகாட்டிகளை அமர்த்தவும் பயிற்றவும் பணம் ஒதுக்கியது. பிள்ளைகளின் மீது திடீரென்று பிறந்த இரக்கம் அன்று அது. அறிவியலில் சிறக்கக்கூடிய பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். எனினும் அந்த அவசரத்தால் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து அமர்ந்தார். அரசு அஞ்சும்போது நல்ல சம்பளம் கொடுக்கிறது. இரங்கும்போது சிறு தொகையோடு நின்றுவிடுகிறது. இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம்.

ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைவதற்கு முன் தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் பிறரும் தத்தம் பள்ளிகளுக்கு அரசுப் பணம் பெற்று வந்தனர். சபைகளுக்கிடையே ஓயாத பூசல். இதனைத் தீர்க்க விக்டோரியா 1872-இலும், குயின்ஸ்லாந்து 1875-இலும், நியூ சவுத் வேல்ஸ் 1880-இலும் கல்விச் சட்டங்களை இயற்றின. இலவசம், கட்டாயம், சமயச் சார்பின்மை ஆகிய மூன்றையும் அக்காலத்தார் மந்திரம் போலச் சொல்லினர். சபைப் பள்ளிகளுக்கான உதவித் தொகை சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. ஆனால் சமயம் அரசுப் பள்ளியின் வாசலுக்கு வெளியே முற்றிலும் நின்றுவிடவில்லை. குயின்ஸ்லாந்தில் 1910-ஆம் ஆண்டு பொது வாக்கெடுப்பு நடத்தி, வேதப் பாடத்தைப் பள்ளிக்குள் மீண்டும் அனுமதித்தனர்.

நிற்க. அந்த மந்திரத்தில் விடுபட்ட பிள்ளைகளைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கட்டாயக் கல்வி' என்று சட்டம் இயற்றிய அதே நியூ சவுத் வேல்ஸில், வெள்ளைக்காரப் பெற்றோர் தம் பிள்ளைகளின் அருகில் ஆதிக்குடிப் பிள்ளைகள் அமரலாகாது என்று முறையிட்டனர். தூய்மையும், நல்லுடையும், பணிவும் உடைய ஆதிக்குடிப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று 1884-ஆம் ஆண்டளவில் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. தூய்மையை அளப்பவர் யார், பணிவை அளப்பவர் யார் என்பதை நான் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1902-இல் அதுவும் சுருங்கியது. வெள்ளைப் பெற்றோர் மறுப்புச் சொன்னால் ஆதிக்குடிப் பிள்ளைகளை வெளியேற்றலாம் என்றாயிற்று. அவ்வாறு வெளியேற்றும் அதிகாரம் தலைமையாசிரியரின் கையேட்டிலிருந்து நீங்கியது 1972-ஆம் ஆண்டில்தான். நான் பிறந்த காலம் அது. தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எனக்கு இந்த ஆண்டுக் கணக்கைப் படித்தபோது கை சற்று நின்றுவிட்டது.

வெளியேற்றப்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகங்களிலும் மிஷன் நிலையங்களிலும் தனிப் பள்ளிகள் ஏற்பட்டன. அங்கே பெரும்பாலும் கற்பித்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். மிஷனரியோ, காப்பக மேலாளரோ, மேலாளரின் மனைவியோ கற்பித்தார். அரசுக்குச் செலவு குறைந்தது. 'ஒருவரும் இல்லாததற்கு ஒருவர் இருக்கிறாரே' என்று பேசப்பட்டது. மெலிந்த பிள்ளைக்கு மலிந்த ஆள் என்னும் இந்த ஏற்பாட்டை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் வேறு உடையில் இது மறுபடியும் வரும்.

1901 ஜனவரி முதல் நாள் குடியேற்றங்கள் இணைந்து கூட்டாட்சி நாடு பிறந்தது. பள்ளிகள் மாநிலங்களின் பொறுப்பில் நின்றன. மத்திய அரசுக்குப் பள்ளி நடத்தும் அதிகாரம் இல்லை. அரசமைப்பின் 116-ஆம் பிரிவு, மத்திய அரசு ஒரு சமயத்தை நிறுவும் சட்டம் செய்யலாகாது என்றும், மத்திய அரசின் கீழுள்ள எப்பதவிக்கும் சமயச் சோதனை கூடாது என்றும் விதித்தது. 96-ஆம் பிரிவு, மத்திய அரசு தான் விரும்பும் நிபந்தனைகளோடு மாநிலங்களுக்கு நிதியுதவி வழங்கலாம் என்றது. இவ்விரண்டு எண்களையும் மறவாதீர்கள். கதையின் முடிச்சு இவற்றில்தான் இருக்கிறது.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சாப்ளின்களை அமர்த்தும் வழக்கம் விக்டோரியாவில் 1955-இல் தொடங்கியது. அப்போது அது சபைகளின் முயற்சி. ஊர் மக்கள் நன்கொடை திரட்டினர். மத்திய அரசு அதில் தலையிடவில்லை. மாநிலங்கள் தத்தம் பள்ளிகளுக்கு வழிகாட்டி அலுவலர்களையும் ஆலோசகர்களையும் தனியே அமர்த்தி வந்தன. ஆனால் எங்கும் உள்ள குறைதான் அங்கும்: ஓர் ஆலோசகர் பல பள்ளிகளுக்கு ஓட வேண்டும், மாணாக்கர் தொகைக்கு அவர் போதமாட்டார்.

இந்தக் குறையின் மீதுதான் 2006-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் நாள் பிரதமர் ஜான் ஹோவர்டு தம் அறிவிப்பை வைத்தார். தேசியப் பள்ளிச் சாப்ளின் திட்டம் என்று அதற்குப் பெயர். மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர். விரும்பும் பள்ளிக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் வரை. அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும், தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் விண்ணப்பிக்கலாம். 2007-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பங்கள் குவிந்தன. தொகை 16.5 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 2,700 பள்ளிகளில் சாப்ளின்கள் இருந்தனர்.

20,000 டாலர் என்றதும் நம் கணக்கில் பெருந்தொகையாகத் தோன்றும். அந்நாட்டில் அது ஒரு முழுநேர ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தில் பாதிகூட ஆகாது. ஓர் உளவியலாளரை அதைக் கொண்டு அமர்த்த முடியாது. வாரத்தில் சில நாட்கள் வரும் ஒருவரை மட்டுமே அமர்த்தலாம். தொகையை முடிவு செய்தபோதே ஆளின் தரமும் முடிவாகிவிட்டது. அரசாணைகளைப் படிக்கும் இளைஞர்கள் முதலில் தொகையை ஆளால் வகுத்துப் பார்க்க வேண்டும். மற்றவை அலங்காரம்.

சாப்ளின் என்பவர் யார் என்று திட்ட விதிகள் வரையறுத்தன. பள்ளியும் ஊராரும் ஏற்றவராக இருக்க வேண்டும்; குருத்துவம், சபை நியமனம், உரிய தகுதி, அல்லது ஏற்கப்பட்ட ஒரு சமய நிறுவனத்தின் ஒப்புதல் ஆகியவற்றுள் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். மதம் மாற்றும் முயற்சி கூடாது என்றும் விதி இருந்தது. உளவியல் பட்டம் வேண்டும் என்று விதி இல்லை. ஆசிரியர் சங்கங்களும் உளவியலாளர் சங்கமும் இதனையே சுட்டின. தற்கொலை எண்ணம் கொண்ட பிள்ளை, வீட்டில் அடிபடும் பிள்ளை, உணவை வெறுக்கும் பிள்ளை ஆகியோர் முதலில் செல்வது பள்ளியில் அருகிலிருக்கும் ஒருவரிடம். அவர் அந்த அடையாளங்களைக் கண்டறியப் பயின்றவராக வேண்டாவா என்று கேட்டனர்.

மறுபக்கத்தையும் சொல்லுதல் கடமை. பல தலைமையாசிரியர்கள் இத்திட்டத்தை விரும்பினர். தொலைவிலுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில், காலை உணவு பரிமாறவும், தாய் தந்தையை இழந்த பிள்ளையோடு நடந்து செல்லவும், மதிய வேளையில் தனித்து நிற்பவனைப் பந்தாட அழைக்கவும் ஓர் ஆள் கிடைத்தார். அதை நான் எள்ளி நகையாடமாட்டேன். நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்களின் முதல் எழுத்து மிஷன் பள்ளித் திண்ணையில் எழுதப்பட்டதுதான். 1854-இன் கல்வி அறிக்கைக்குப் பின் அப்பள்ளிகள் பெற்ற உதவித் தொகையும் அரசுப் பணமே. ஊர்ப் பள்ளி கதவடைத்தபோது திறந்திருந்த கதவை நாம் மறக்கலாகாது. ஆனால் கதவைத் திறந்தவருக்கு நன்றி சொல்வது வேறு. திறக்க வேண்டிய அரசு தன் கடமையைப் பிறர் கையில் குறைந்த விலைக்கு ஒப்படைப்பதைக் கேள்வி கேட்பது வேறு. முன்னதைச் செய்கிறவனுக்குப் பின்னதைச் செய்யும் உரிமை போய்விடாது.

2007 இறுதியில் ஆட்சி மாறியது. தொழிற்கட்சி வந்தது, திட்டம் போகவில்லை. 2010-இல் பிரதமர் ஜூலியா கில்லார்டு 22.2 கோடி டாலரில் அதனை 2014 வரை நீட்டினார். அவர் கடவுள் நம்பிக்கை அற்றவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வாக்குக் கணக்குக்குக் கொள்கை நிறம் கிடையாது. 2011-இல் மத்திய அரசின் குறைகேட்பு அதிகாரி திட்ட நிர்வாகத்தின் ஓட்டைகளைச் சுட்டிக் காட்டினார். அதே ஆண்டு கல்வி அமைச்சர் பீட்டர் காரெட், இனிச் சமயச் சார்பற்ற மாணவர் நலப் பணியாளரையும் பள்ளி தெரிந்தெடுக்கலாம் என்றும், புதிதாக வருவோருக்கு இளைஞர் பணியிலோ ஆன்மப் பராமரிப்பிலோ நான்காம் நிலைச் சான்றிதழ் வேண்டும் என்றும் திருத்தினார். அந்நாட்டின் தகுதி ஏணியில் அது பட்டத்துக்கு வெகு கீழே உள்ள படி. இருந்தாலும், தகுதி என்ற சொல் திட்டத்துக்குள் முதன்முறையாகக் கறாராக நுழைந்தது அப்போதுதான்.

இதற்கிடையில் குயின்ஸ்லாந்தின் துவூம்பா நகரைச் சேர்ந்த ரான் வில்லியம்ஸ் என்னும் தந்தை தலைமை நீதிமன்றத்தின் படியேறினார். அவருடைய பிள்ளைகள் பயின்ற அரசுப் பள்ளியில் ஸ்கிரிப்சர் யூனியன் என்னும் அமைப்பு மத்திய அரசின் பணத்தில் சாப்ளினை அமர்த்தியிருந்தது. அவர் இரண்டு வாதங்களை வைத்தார். ஒன்று, சாப்ளின் பதவிக்குச் சமய ஒப்புதல் கேட்பது 116-ஆம் பிரிவு தடுக்கும் சமயச் சோதனை. இரண்டு, இவ்வாறு பணம் கொடுக்க மத்திய அரசின் நிர்வாகத்துக்கு அதிகாரமே இல்லை.

2012 ஜூன் 20-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. முதல் வாதம் தோற்றது. சாப்ளின் மத்திய அரசின் பதவி வகிப்பவர் அல்லர். அவரை அமர்த்தியது ஒரு தனி அமைப்பு. எனவே 116 அவரைத் தொடாது என்றனர் நீதிபதிகள். இரண்டாவது வாதம் வென்றது. ஏழு நீதிபதிகளுள் ஆறு பேர், பாராளுமன்றம் வரவு செலவுத் திட்டத்தில் பணத்தை ஒதுக்கிவிட்டது என்பதனாலேயே அமைச்சர்கள் அதை விரும்பிய வழியில் செலவிட முடியாது, செலவுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றனர். அதுகாறும் அந்நாட்டு அரசுகள், பணம் ஒதுக்கப்பட்டால் செலவிடலாம் என்றே எண்ணி வந்தன. ஒரு பள்ளிக்கு வந்த சாப்ளினால் மத்திய அரசின் செலவு முறை முழுவதும் ஆட்டங்கண்டது. மாநில அரசுகளெல்லாம் இவ்வழக்கில் மத்திய அரசின் அதிகாரத்தைச் சுருக்க வேண்டும் என்று வாதிட்டன என்பது வேடிக்கை. அவற்றின் கவலை பிள்ளைகளைப் பற்றியதன்று. தம் எல்லையைப் பற்றியது.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். தீர்ப்பு வந்து எட்டே நாட்களில் புதிய சட்டம் இயற்றப்பட்டு ஒப்பமும் பெற்றது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கூடி நிறைவேற்றிய அச்சட்டம், 400-க்கும் மேற்பட்ட செலவுத் திட்டங்களை ஒரே மூச்சில் காப்பாற்றியது. சாப்ளின் திட்டமும் அவற்றுள் ஒன்று. ஆதிக்குடிப் பிள்ளையை வெளியேற்றும் விதி நீங்க ஏழு பத்தாண்டுகள் பிடித்த நாட்டில், சம்பளப் பட்டுவாடா நின்றுவிடாமலிருக்க எட்டு நாட்கள் போதுமாயின.

வில்லியம்ஸ் விடவில்லை, மீண்டும் வழக்குத் தொடுத்தார். 2014 ஜூன் 19-ஆம் நாள் இரண்டாம் தீர்ப்பு வந்தது. இம்முறை அரசு தன் பக்கம் ஒரு பழைய சொல்லைத் தூக்கிக் காட்டியது. 1946-இல் மக்கள் வாக்கெடுப்பால் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட ஒரு விதியில், பேறுகால உதவி, விதவையர் ஓய்வூதியம் முதலியவற்றோடு 'மாணவர்க்கான நலன்கள்' பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. சாப்ளினும் மாணவர்க்கான நலன்தானே என்றது அரசு. நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. அந்தச் சொல் குறிப்பது மாணவனுக்கு மாணவன் என்ற முறையில் கிடைக்கும் பொருளுதவி போன்றதை. ஓர் அமைப்புக்குப் பணம் கொடுத்துப் பள்ளியில் ஒருவரை நிறுத்தி வைப்பது அச்சொல்லுக்குள் அடங்காது என்றது. சட்ட நுட்பமே அது. சாப்ளினால் பயனில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளையின் நலன் எது என்ற வினா பாராளுமன்றத்தில் ஆராயப்படாமல், சொற்பொருள் விளக்கமாக நீதிமன்றத்தில் வந்து நின்ற கோலத்தை எண்ணும்போது வருத்தமே மிகுகிறது.

அப்போது பிரதமர் டோனி அபட். அவருடைய அரசு அவ்வாண்டு மே மாத வரவு செலவுத் திட்டத்தில் சாப்ளின்களுக்கு 24 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, சமயச் சார்பற்ற பணியாளருக்கான வழியை அடைத்திருந்தது. தீர்ப்பு வந்தவுடன் 96-ஆம் பிரிவு நினைவுக்கு வந்தது. மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுக்கும். மாநிலம் அமைப்புக்குக் கொடுக்கும். நிபந்தனை மட்டும் மத்திய அரசுடையது. வாசல் அடைபட்டால் கொல்லைப்புறம் என்ற கணக்கு. ஏற்கெனவே சட்டமின்றிக் கொடுக்கப்பட்டிருந்த தொகைகளைத் திரும்பக் கேட்பதில்லை என்றும் அரசு முடிவு செய்தது. 2018-இல் நான்கு ஆண்டுகளுக்கு 24.7 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, திட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. 2022-இல் மீண்டும் ஆட்சி மாறியது. 2023 முதல் அது தேசிய மாணவர் நல்வாழ்வுத் திட்டம் என்று பெயர் மாறி, சாப்ளினா, சமயச் சார்பற்ற நல அலுவலரா என்பதைப் பள்ளியே தீர்மானிக்க விடப்பட்டது. 2006-இல் எழுந்த வினாவுக்கு அரசு கண்ட விடை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதாக முடிந்தது.

இத்தனை ஆண்டுகளின் சொற்போரில் சமயம் இருந்தது, கூட்டாட்சி இருந்தது, கணக்குத் தலைப்பு இருந்தது. இத்தனை மாணாக்கருக்கு இத்தனை தகுதி பெற்ற ஆலோசகர் என்று ஒரு விகிதத்தை விதித்து, அதற்குரிய முழுச் சம்பளத்தையும் மத்திய அரசு ஏற்பது என்னும் பேச்சு நடுமேடைக்கு வரவே இல்லை. அறிவுள்ள பலர் அதைக் கேட்டனர். அது செலவு மிகுந்த வழி. சாப்ளினைப் பற்றிய சண்டை செலவு குறைந்தது. இரு தரப்பாருக்கும் வாக்கும் கிடைத்தது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே சமயத்தைப் பற்றிய சிக்கல் தொடக்கத்திலேயே தீர்க்கப்பட்டது. அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தால் நடக்கும் கல்விக்கூடத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசமைப்பு அவையில் 1948 டிசம்பர் 7-ஆம் நாள் இதன் மீது வாதம் நடந்தபோது, எல்லா மக்களிடமும் வரியாகப் பெற்ற பணத்தை ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சமயத்துக்குச் செலவிடலாகாது என்னும் அடிப்படையில் அண்ணல் அம்பேத்கர் விடையளித்தார். ஆஸ்திரேலியாவின் 116-ஆம் பிரிவு பதவியைப் பார்த்தது. நம்முடைய 28-ஆம் பிரிவு பணத்தைப் பார்த்தது. அங்கே தப்பிச் சென்ற வழி இங்கே இல்லாமற்போனதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆனால் ஆலோசகர் வந்தாரா? நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953-இலேயே பயிற்சி பெற்ற வழிகாட்டி அலுவலர்கள் பள்ளிகளுக்கு வேண்டும் என்று எழுதிற்று. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு, குறைந்த அளவாகப் பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகரேனும் சுற்றி வர வேண்டும் என்றது. பத்துக்கு ஒன்று! இன்று அதைச் சொன்னால் நம் பள்ளிகளில் விழாக் கொண்டாடுவர். என் பணிக்காலத்தில் நான் கண்டது வேறு. ஏதேனும் ஓர் ஆசிரியருக்கு 'வழிகாட்டிப் பொறுப்பு' என்று ஒரு தாள் வரும். அவர் கணக்கும் நடத்துவார், உதவித் தொகைப் படிவமும் நிரப்புவார், தேர்தல் பணிக்கும் செல்வார். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வராமல் நின்றுவிடும் பெண் பிள்ளையின் வீட்டுக்கு அவர் எப்போது போவார்?

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டத்தின் நாங்குநேரியில் உடன்பயின்ற மாணவர்களே நம் பிள்ளை ஒருவனின் வீடு புகுந்து அவனையும் அவன் தங்கையையும் வெட்டினர். அவன் பட்ட துன்பத்தைச் சொல்ல அதற்கு முன் பள்ளியில் அவனுக்கென்று அமர்த்தப்பட்ட ஒருவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணாத ஆசிரியர் இல்லை. அதன்பின் தமிழ்நாட்டு அரசு நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அவருடைய அறிக்கையின் பரிந்துரைகளுள், சாதிக் கயிறுகளைத் தடுப்பது பற்றிய பகுதியைச் செய்தித்தாள்கள் பெரிதாக வெளியிட்டன. 500 மாணாக்கருக்கு மேல் பயிலும் பள்ளிக்குப் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்ற பரிந்துரை அந்த இரைச்சலில் அமுங்கிப் போயிற்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், 100 மாணாக்கரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

ஆலோசகர், நல அலுவலர் என்னும் பெயர்களில் எதுவாயினும் எனக்கு மறுப்பில்லை. நம் இளைஞர்களில் சமூகப் பணியும் உளவியலும் முதுகலையாகப் படித்தவர்கள் இப்போது உள்ளனர். பத்தாண்டுகளுக்கு முன் இப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் வரும்போது கேட்பதற்கு மூன்று கேள்விகள் உள்ளன. நல அலுவலர் என்பது ஒப்பளிக்கப்பட்ட பணியிடமா, இருக்கும் ஆசிரியரின் தலையில் ஏற்றப்படும் பொறுப்பா? தகுதி எழுத்தில் உள்ளதா? சம்பளம் எந்தத் தலைப்பில், எத்தனை மாதங்களுக்கு? சென்ற கல்வியாண்டின் கூட்டத்தில் ஒரு தாய் இவற்றுள் முதல் கேள்வியைத் தம் சொற்களில் என்னிடம் கேட்டார்: "சார், வரப்போறவரு இதுக்குன்னே வர்றாரா, இல்ல இருக்குற டீச்சர்ல ஒருத்தரா?" மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன் அம்மா என்றேன். கடிதத்தின் படி அலுவலகக் கோப்பில் இருக்கிறது. விடை வந்ததும் அந்தத் தாய்க்குத்தான் முதலில் காட்டுவேன்.